மின்வெட்டுக் காலத்து ப்ராசஸர்

ப்ராசஸரின் உலோக மூடியில் நான்கைந்து வரிகள் பொறித்திருப்பார்கள். சின்னமனூரில் கல்யாண வீடியோ மிக்ஸிங் செய்யும் என் மச்சானிடம் 2012 தொடக்கத்தில் வந்த இன்டெல் கோர் ஐ5-2500கேயின் மூடியில் எஸ்ஆர்008, 3.30 கிகாஹெர்ட்ஸ், மலாய் என்று இருந்தது. அடியில் இருந்த தொகுதி எண் ‘எல்’ என்ற எழுத்தில் தொடங்கியது. எல் என்றால் மலேசியா. அடுத்த இலக்கம் ஆண்டின் கடைசி எண், அதற்கடுத்த இரண்டும் வாரம்.

மலேசியாவில்தான் மூடி போட்டார்கள், ஆனால் அது பிறந்தது அங்கே அல்ல. சாண்டி பிரிட்ஜ் என்ற அந்தத் தலைமுறையை வடிவமைத்தவர்கள் இஸ்ரேலின் ஹைஃபா நகரத்துப் பொறியாளர்கள். 32 நானோமீட்டர் முறைக்காக ஆரிகன், அரிசோனா, நியூ மெக்சிகோ ஆலைகளில் 700 கோடி டாலர் போடுவதாக இன்டெல் 2009இல் அறிவித்திருந்தது. அந்த முறையில் செய்த சிலிக்கான் தகட்டிலிருந்து 216 சதுர மில்லிமீட்டர் அளவில் வெட்டிய துண்டுதான் இது. இதே துண்டு 8 எம்பி கேஷ் முழுதும் திறந்திருந்தால் ஐ7-2600கே என்று விற்கும். 6 எம்பி மட்டும் திறந்திருந்தால் 2500கே. போடியில் ஏலக்காயைச் சல்லடையில் போட்டு எட்டு மில்லிமீட்டர், ஏழு மில்லிமீட்டர் என்று பிரிப்பதுபோல, ஒரே தோட்டத்து விளைச்சலுக்குத்தான் இத்தனை பெயர்.

சென்னை ரிச்சி தெருவிலிருந்து தேனிக்கு அது பஸ் பார்சலில் வந்தது. மதுரை–போடி மீட்டர் கேஜ் ரயிலை அகலப்பாதை வேலைக்காக 2010 முடிவில் நிறுத்தியிருந்தார்கள். தேனிக்கு மறுபடி ரயில் வந்தது 2022 மேயில்தான். இடைப்பட்ட அத்தனை வருஷமும் எங்கள் பக்கத்துக்கு வந்த எல்லா கம்ப்யூட்டரும் ரோட்டு வழியாகத்தான் வந்திருக்கின்றன.

2012ஐ மறக்க முடியாது. சென்னைக்கு வெளியே பத்து மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு. பகலில் ஒரு மணி நேரம் கரண்டு இருந்தால் அடுத்த மணி நேரம் இருக்காது. மூன்று நாள் கல்யாணத்தை வெட்டி ஒட்டி டிவிடிக்கு ஏற்ற கோப்பாக்க, மெஷின் இரவெல்லாம் ஓடியாக வேண்டும். நடுவில் கரண்டு போனால் ரெண்டர் முதலிலிருந்து. “கரண்டு இருக்கிறப்பவே முடிச்சாகணும் மாப்ள, அதுக்கு இது இன்னும் ஓடணும்” என்றான் மச்சான். ப்ராசஸரைக் குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டும் ஓவர்க்ளாக் என்றால் விளையாட்டுப் பிரியர்கள் புள்ளிக்கணக்குக்காகச் செய்வது என்று பலரும் நினைக்கிறார்கள். இங்கே கிடைத்த நேரத்துக்குள் வேலையை அடைக்கத்தான் அது தேவைப்பட்டது.

அவன் சின்ன கேபினெட்டைத் தேர்ந்தெடுத்ததற்கும் அதே மின்வெட்டுதான் காரணம். பகுதி பகுதியாக கரண்டை நிறுத்தினார்கள். சின்னமனூரில் இல்லாத நேரத்தில் உத்தமபாளையத்தில் இருக்கும். அங்கே சொந்தக்காரர் வீட்டில் ஒரு மானிட்டர் தயாராக இருந்தது. பெட்டியை மட்டும் வண்டியில் வைத்துக் கொண்டுபோவான். அதனால் மினி-ஐடிஎக்ஸ் போர்டு. விஐஏ நிறுவனம் 2001இல் கொண்டுவந்த, பக்கத்துக்கு 17 சென்டிமீட்டர் உள்ள சதுரம் அது. போர்டில் இசட்68 சிப்செட். பத்து லிட்டர் கொள்ளளவு கேபினெட்டுக்குள் உயரமான ஹீட்சிங்க் நுழையாது. தட்டையான ஒன்றைத்தான் பொருத்த முடிந்தது.

வேகத்தைக் கூட்டும் வழியே அந்தத் தலைமுறையில் மாறியிருந்தது. 1998இல் செலரான் 300ஏ வாங்கியவர்கள் பஸ் வேகத்தை 66இலிருந்து 100 மெகாஹெர்ட்ஸுக்கு ஏற்றி, 300ஐ 450 ஆக்கினார்கள். சாண்டி பிரிட்ஜில் அடிப்படைத் துடிப்பு 100 மெகாஹெர்ட்ஸ். அதைத் தொட்டால் ஹார்ட் டிஸ்க் இணைப்பு உட்பட எல்லாமே தடுமாறும், ஐந்து சதவீதத்துக்கு மேல் போவது கஷ்டம். மிச்சம் இருப்பது பெருக்கும் எண் மட்டும். சாதாரண 2500இல் அதற்கு வரம்பு உண்டு, கே போட்டதில் திறந்துவிட்டிருந்தார்கள். பயாஸில் 33ஐ 45 ஆக்கினால் 4.5 கிகாஹெர்ட்ஸ். ஆனால் அந்த வேகத்தில் தடுமாறாமல் நிற்க மின்னழுத்தமும் கேட்கும்.

சூடு வேகத்தின் மடங்கில் கூடும், மின்னழுத்தத்தின் வர்க்கத்திலும் கூடும். 3.3இல் 1.2 வோல்ட், 95 வாட் என்று உத்தேசமாக வைத்துக்கொள்வோம். அதே வோல்ட்டில் 4.0க்குப் போனால் 115 வாட். 4.5க்கு 1.35 வோல்ட் கொடுத்தால் 164 வாட். முதல் 700 மெகாஹெர்ட்ஸுக்கு 20 வாட் செலவு, அடுத்த 500க்கு 49. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் யாரும் சின்ன கேபினெட்டில் ஓவர்க்ளாக் செய்யக் கூடாது என்பேன்.

சித்திரை மாதத்து அறைச் சூடு 37 டிகிரி. மூடிய கேபினெட்டுக்குள் இன்னும் எட்டு சேர்ந்தால் 45. தட்டையான ஹீட்சிங்க் ஒரு வாட்டுக்கு 0.35 டிகிரி ஏற்றும் என்றால், 115 வாட்டில் உள்ளே 85 டிகிரி. 164 வாட்டில் 102. 98 டிகிரியைத் தொட்டதும் இந்தச் சில்லு தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதாவது 4.5 என்று திரையில் எழுதியிருந்தாலும் சித்திரையில் அந்த 4.5 நிற்காது. மார்கழி ராத்திரியில் அறை பதினைந்து டிகிரி குளிர்ந்தால் அதே அமைப்பு 87இல் நிற்கும். யுபிஎஸ் பேட்டரி கணக்கும் கூடவே வரும்: வாட் ஏற ஏற, கரண்டு போன பிறகு கோப்பைச் சேமிக்கக் கிடைக்கும் நிமிஷங்கள் குறையும்.

ஆனி, ஆடியில் கண்டமனூர்ப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றும் காற்று ஜன்னல் வழியே வந்து மெஷினையும் குளிர்விக்கும். அதே காற்று செம்மண் தூசியைக் கொண்டுவந்து ஹீட்சிங்க் இடுக்குகளை அடைத்துவிடும். ஆவணியில் திறந்து பிரஷ் போடாவிட்டால் சித்திரைச் சூட்டையே மறுபடி காட்டும்.

மச்சான் பயாஸில் இரண்டு அமைப்புகளைச் சேமித்து வைத்தான். பங்குனி முதல் ஆவணி வரை 4.0, மற்ற மாதங்களுக்கு 4.3. கேபினெட்டின் பக்கவாட்டுத் தகட்டில் ஓட்டை போட்டு ஒரு ஃபேன் சேர்த்தான். அவன் செய்ததில் இதுதான் மிகச் சரியான வேலை. வேகத்தைப் பற்றிப் பேசும் பலரும் காற்று உள்ளே எங்கே நுழைகிறது, எங்கே வெளியேறுகிறது என்பதைப் பேசுவதில்லை.

இன்று அந்த ப்ராசஸர் ஸ்டுடியோவில் படங்களைப் பிரித்து அடுக்கும் மெஷினில் லினக்ஸில் ஓடுகிறது, பழைய 3.3இல். விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல்லைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவும் 2025 அக்டோபரில் முடிந்தது. சில்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. 2012 ஏப்ரலில் வந்த அடுத்த தலைமுறையில் மூடிக்கும் சில்லுக்கும் இடையே பேஸ்ட் தடவினார்கள். இதில் பற்றவைத்திருக்கிறார்கள், அது காய்ந்துபோகாது. மூடிக்கு மேலே உள்ள பேஸ்டை மாற்றினால் போதும். கவலை எல்லாம் போர்டைப் பற்றித்தான். 1155 சாக்கெட்டில் நல்ல மினி-ஐடிஎக்ஸ் போர்டு கிடைப்பது அரிதாகிவிட்டது. ரிச்சி தெருவுக்குப் போகும் தெரிந்தவர்களிடமெல்லாம் மச்சான் அதை மட்டும்தான் விசாரிக்கச் சொல்கிறான்.