கரிசல் பருத்தியும் தூத்துக்குடித் தோணியும்

தென்மாவட்டப் பருத்தி வணிகத்தின் வரலாறு பெரும்பாலும் ரயிலோடும் ஆலையோடும் நின்றுவிடுகிறது. 1876இல் தூத்துக்குடிக்கு ரயில் வந்தது. 1880களில் ஹார்வி என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் பஞ்சாலைகள் எழுந்தன. ஆனால் தண்டவாளம் முடிந்த இடத்தில் கப்பல் நிற்கவில்லை. ஆழமில்லாத கடல் என்பதால் பெரிய கப்பல்கள் கரைக்கு இரண்டரை மைலுக்குள் நெருங்க முடியவில்லை. இடையே ஓடிய தோணிகளைத் துறைமுகத்தின் குறைக்கு இட்ட ஒட்டாக மட்டும் பார்ப்பது பிழை. ஏற்றுமதி யார் கைக்குப் போகும் என்பதில் அந்தத் தோணிக்கடவுக்கும் பங்கு உண்டு.

தோணிக்கு வந்த பருத்தியின் பாதையை உள்நாட்டிலிருந்து பார்க்கலாம். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துக் கான்சாபுரம், வத்திராயிருப்பு வட்டாரம் மலையடிவாரக் கண்மாய்ப் பாசனம்; நெல்லும் தென்னையும்தான் அங்கே கண்ணில் படும். கிழக்கே இறங்க இறங்கக் கரிசல் தொடங்கும், பருத்தியும் தொடங்கும். ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகத் தென்காசிக்கு ரயில் ஓடியது 1927இல்தான். அதற்கு முந்தைய அரை நூற்றாண்டும் இப்பகுதிச் சரக்கு மாட்டுவண்டியில் சாத்தூருக்கோ விருதுபட்டிக்கோ (இன்றைய விருதுநகர்) போய்த்தான் ரயிலேற வேண்டும்.

கரை சேர்ந்த சரக்கைக் கப்பலில் ஏற்றும் முறை துறைக்குத் துறை வேறு. சென்னையில் அலை மோதும் கரை. கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள் கொஞ்சம் கொஞ்சமாகவே சுமந்தன. தூத்துக்குடியிலோ தீவுகளும் இலங்கையும் மறைப்பதால் கடல் அமைதியானது. தோணித் தலைவனான தண்டலும் ஆட்களும் கனத்த தோணியிலேயே பொதிகளை ஏற்றிச் செல்ல முடிந்தது. இருந்தும் ஒரு கப்பலை நிரப்பப் பல நடை வேண்டும். கப்பல் வருமுன் பொதி கரைக்கு வந்து காத்திருக்க வேண்டும். அதற்குக் கிட்டங்கி வேண்டும், அழுத்தும் ஆலை வேண்டும், விற்ற பணம் வரும்வரை தாக்குப்பிடிக்க முதல் வேண்டும். வண்டியில் பருத்தி கொண்டுவந்த சிறு வியாபாரியிடம் இவை இல்லை. ஹார்வி நிறுவனத்திடம் இருந்தன. பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனியின் ஏஜென்சியும் அதன் கையிலேயே இருந்தது.

வ.உ.சி. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவுசெய்ததை இந்தப் பின்னணியில் வைத்துப் படிக்க வேண்டும். எதிர்த்தரப்பான பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கட்டணத்தைக் குறைத்த கதையை எல்லோரும் சொல்கிறார்கள். அது பயணிகளை இழுக்கும் போட்டி. சரக்கு வேறு விஷயம்: அதை அனுப்புகிறவரும் கப்பல் ஏஜெண்டும் ஒருவரே என்றால், புதுக் கப்பல் கடலில் நிற்பதால் மட்டும் பொதி அதன் பக்கம் திரும்பிவிடாது. சுதேசிக் கம்பெனி தோற்றதற்கு இது மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை, 1908இல் வ.உ.சி. சிறை சென்றது பேரிடி. ஆனால் கப்பலை மட்டும் பார்க்கும் வரலாற்றில் கரை விடுபட்டுப்போகிறது.

இது தூத்துக்குடிக்கு மட்டும் உரிய கதை அல்ல. சீனத்து டியன்ஜினிலும் ஆற்று முகத்து மணல்திட்டுக்கு வெளியே பெரிய கப்பல்கள் நின்றன. சரக்குப் படகுத் தொழில் அங்கே தனிக் கம்பெனிகளாகவே வளர்ந்தது. சிங்கப்பூர் ஆற்றில் தொடக்கத்தில் படகோட்டியவர்களில் பெரும்பாலோர் தமிழகத்துச் சூலியா முஸ்லிம்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அத்தொழில் சீனர் கைக்கு மாறியது. அங்கும் யார் படகு என்ற கேள்வி, யார் வணிகம் என்ற கேள்வியிலிருந்து பிரியவில்லை.

1974இல் தூத்துக்குடி பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. ஆழ்கடல் தளத்தில் கப்பல் நேரே அணைந்ததும் இடைக்கடவு வேலை போயிற்று. தோணி ஒழியவில்லை: பழைய துறைமுகத்திலிருந்து மாலத்தீவுக்குக் காய்கறியும் கட்டுமானப் பொருளும் ஏற்றிச் சென்றது. இம்முறை அது கப்பலுக்குச் சரக்கு கொடுக்கும் படகல்ல, தானே கப்பல்.