சாப்பிடும்போது கழற்றலாமா? - ஒரு ரப்பர் பேண்டின் சரித்திரம்

பல்லுக்கு க்ளிப் போட்டவர்களில் சிலருக்கு, கம்பியோடு சேர்த்து ஒரு பாக்கெட் ரப்பர் பேண்டும் கொடுப்பார்கள். சட்டைப் பொத்தானை விடச் சின்னது. மேலே கோரைப்பல்லில் ஒரு கொக்கி, கீழே கடைவாய்ப்பல்லில் ஒரு கொக்கி, இரண்டுக்கும் நடுவே இதை அவரவரே கண்ணாடியைப் பார்த்து மாட்டிக்கொள்ள வேண்டும். மாட்டிய அன்றே வருகிற கேள்வி ஒன்றுதான்: சாப்பிடும்போது கழற்றலாமா? அற்பக் கேள்வி போலத் தெரியும். ஆனால் பல் வைத்தியர்கள் நூறு வருடத்துக்கும் மேலாக இதோடுதான் மல்லுக்கட்டிக் கொண்டிருக்கிறார்கள்.

பிரான்சில் 1728ல் பியர் ஃபோஷார் எழுதிய புத்தகத்திலேயே பல் வரிசையைச் சரிசெய்யும் கருவி வந்துவிட்டது. வளைந்த உலோகத் தகடு, அதில் ஓட்டைகள், ஓட்டை வழியாகப் பல்லை இழுத்துக் கட்டும் நூல். நூலில் ஒரு சிக்கல். பல் கொஞ்சம் நகர்ந்ததும் தளர்ந்துவிடும், மறுபடி கட்ட வேண்டும். தொடர்ந்து இழுத்துக்கொண்டே இருக்கிற ஒரு பொருள் தேவைப்பட்டது.

ரப்பர் அப்போது உதவாது. வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். 1839ல் அமெரிக்காவின் சார்லஸ் குட்இயர் கந்தகம் சேர்த்துச் சூடாக்கி அதை அடக்கினார், 1844ல் காப்புரிமை வாங்கினார். அடுத்த வருடமே லண்டனில் ஸ்டீபன் பெர்ரி ரப்பர் பேண்டுக்குக் காப்புரிமை எடுத்தார். அது காகிதக் கட்டுகளுக்காக! பல் வைத்தியர்கள் ரப்பர் குழாயைக் குறுக்கே நறுக்கி வளையமாக்கிக் கொண்டார்கள்.

இதில் ஒரு ஆபத்தும் இருந்தது, இன்றும் இருக்கிறது. முன்பல் இடைவெளியை மூட வெறும் ரப்பர் வளையத்தைப் பல்லைச் சுற்றிப் போட்டால், பல் வேரை நோக்கிக் குறுகிக்கொண்டே போவதால் வளையம் வழுக்கி ஈறுக்குள் ஏறிவிடும். வெளியே தெரியாது. உள்ளே எலும்பை அரித்து நல்ல பல்லையே விழ வைத்துவிடும். கடையில் வாங்கிய ரப்பர் பேண்டை வைத்து வீட்டிலேயே வைத்தியம் பார்ப்பவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. கொக்கியில் மாட்டும் முறையில் இந்தப் பயம் இல்லை.

மேல் தாடைக்கும் கீழ்த் தாடைக்கும் குறுக்கே ரப்பரை இழுத்துக் கட்டலாம் என்ற யோசனை 1890களில் பரவியது. பாஸ்டனின் ஹென்றி பேக்கரா, சிகாகோவின் கால்வின் கேஸா, யார் முதலில் என்று சண்டையே நடந்தது. இந்தத் துறையின் பிதாமகரான எட்வர்ட் ஆங்கிள் 'பேக்கர் நங்கூரம்' என்று பெயர் வைத்துவிட்டதால் பெயர் பேக்கருக்கே நின்றது. (ஆங்கிளின் ஆதரவாளர்களுக்கும் கேஸுக்கும் பல்லைப் பிடுங்குவது பற்றி 1911ல் நடந்த விவாதம் இதை விடப் பிரசித்தம்.)

இதுவரை வைத்தியர் கட்டியதை அடுத்த தடவை வைத்தியரே அவிழ்த்தார். இந்த ரப்பரோ நோயாளியின் கைக்கு வந்துவிட்டது. சிகிச்சை பலிப்பதும் பலிக்காததும் சாப்பாட்டு வேளையில் அவர் என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்ததாகிவிட்டது.

ஏன் அப்படி? பாக்கெட்டில் அளவு போட்டிருக்கும்: கால் அங்குலம், 3.5 அவுன்ஸ் என்று. உள்விட்டத்தைப் போல மூன்று மடங்கு, அதாவது சுமார் 19 மில்லிமீட்டர் இழுத்தால் கிட்டத்தட்ட 100 கிராம் விசை என்று அர்த்தம். வாயைப் பெரிதாகத் திறந்தால் இன்னும் இழுபடும், சில சமயம் அறுந்து சோற்றோடு உள்ளே போகும். (போனால் பயமில்லை, பெரும்பாலும் தானாக வெளியேறிவிடும்.) எச்சிலில் ஊறி முதல் சில மணி நேரத்திலேயே இழுவையும் குறையும். அதனால்தான் தினமும் புதிது மாட்டச் சொல்கிறார்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் புரியும். மூன்று வேளை சாப்பாடு, ஒரு மாலை டிபன். பல் தேய்ப்பதையும் சேர்த்து ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம் கழற்றினால் 2 மணி 40 நிமிடம் செலவு. மிச்சம் 21 மணிக்கு மேல் இருக்கிறது, பரவாயில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் மாட்ட மறந்து ஒரு மணி நேரம் சும்மா இருந்தால் இன்னும் 4 மணி போச்சு. கெடுப்பது சாப்பாடு அல்ல, சாப்பிட்ட பிறகு வருகிற மறதி.

இந்த மறதியை நம்பாமல் மாற்று வழி தேடியவர்களும் உண்டு. ஜெர்மனியின் எமில் ஹெர்ப்ஸ்ட் 1909ல் பெர்லின் மாநாட்டில் ஒரு கருவியைக் காட்டினார். ஒன்றுக்குள் ஒன்று சறுக்கும் குழாயும் தண்டும், இரண்டு தாடைக்கும் நடுவே நிரந்தரமாகப் பொருத்தியது. சாப்பிடும்போதும் கழற்ற முடியாது, ஆனால் வாயைத் திறந்து மூடலாம். நல்ல யோசனைதான், உலகம் மறந்துவிட்டது! 1979ல் ஸ்வீடனில் ஹான்ஸ் பான்செர்ஸ் தூசி தட்டி எடுத்த பிறகே திரும்பி வந்தது. ஸ்காட்லாந்தின் வில்லியம் கிளார்க் 1977ல் செய்த 'ட்வின் பிளாக்' கழற்றக்கூடியது, ஆனாலும் மாட்டிக்கொண்டே சாப்பிடலாம் என்பதுதான் அதன் விசேஷம்.

அப்படியும் ரப்பர் பேண்டு ஒழியவில்லை. மலிவு, எளிது. அதற்கான பால் அமேசான் காட்டு மரங்களிலிருந்து வந்த காலம் போய், 1876ல் ஹென்றி விக்கம் லண்டனுக்குக் கொண்டுவந்த விதைகளால் இலங்கையிலும் மலாயாவிலும் தோட்டங்கள் எழுந்தன. மலாயாவில் விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டியவர்களில் பெரும்பகுதி தமிழர்கள். அவர்கள் வடித்த பால் எத்தனை வெள்ளைக்காரக் குழந்தைகளின் பல்லை நேராக்கியதோ! இப்போது ரப்பர் ஒவ்வாமை உள்ளவர்களுக்கென்று செயற்கைப் பொருளிலும் கிடைக்கிறது.

சரி, கேள்விக்கு என்ன பதில்? வைத்தியருக்கு வைத்தியர் மாறுகிறது. சிலர் மெல்லும்போதும் போட்டுக்கொள் என்கிறார்கள், பலர் சாப்பாட்டுக்கு மட்டும் கழற்றச் சம்மதிக்கிறார்கள். போட்டுக்கொண்டே சாப்பிடுபவர்கள் முதல் சில நாள் சின்னக் கவளமாக, இட்லி, குழைந்த சாதம் என்று ஆரம்பிப்பது நல்லது. முறுக்கும் மிட்டாயும் கம்பிக்கே எதிரி. கழற்றிச் சாப்பிடுபவர்கள் கை கழுவப் போகும்போதே புது ரப்பரைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும்.