உலகக் கிறிஸ்தவ மாணவர் சம்மேளனம்

பல நாடுகளின் கிறிஸ்தவ மாணவர் இயக்கங்களை இணைக்கும் அமைப்பு. 1895 ஆகஸ்டில் சுவீடனின் வாட்ஸ்டெனா கோட்டையில் தொடங்கப்பட்டது. முதல் பொதுச் செயலர், பின்னாளில் (1946) அமைதி நோபல் பரிசு பெற்ற அமெரிக்கரான ஜான் மோட். தலைமையகம் ஜெனீவா.

நற்செய்தி பரப்புவதே தொடக்ககால நோக்கம். 1911 கான்ஸ்டாண்டிநோபிள் மாநாடு எல்லாத் திருச்சபைகளின் மாணவர்களுக்கும் கதவைத் திறந்தது. புராட்டஸ்டன்டு வட்டத்துக்குள் ஆர்த்தடாக்ஸ் சபையினர் வந்தது அப்போதுதான். திருச்சபைத் தலைவர்கள் தயங்கி நின்ற இடத்தில் மாணவர்கள் முந்திக்கொண்டனர் என்று சொன்னால் மிகையில்லை. 1932 முதல் பொதுச் செயலராயிருந்த விசர்ட் ஹூஃப்டே, 1948-இல் உருவான உலகத் திருச்சபைகள் மன்றத்தின் முதல் பொதுச் செயலரானார்.

எதிர்ப்பும் இல்லாமலில்லை. 1922-இல் பீக்கிங்கின் சிங்குவா வளாகத்தில் கூடிய மாநாடு, மதத்தை ஏகாதிபத்தியத்தின் கருவியாகக் கண்ட சீன மாணவரிடையே கிறிஸ்தவ எதிர்ப்பு இயக்கத்தையே கிளப்பிவிட்டது. காலனியம், இனவெறி, போர் குறித்த கேள்விகள் அதன்பின் சம்மேளனத்தை விடவில்லை. முதல் உலகப் போருக்குப் பின் பசியில் வாடிய ஐரோப்பிய மாணவர்களுக்காக அது தொடங்கிய நிவாரணப் பணி, பின்னர் உலகப் பல்கலைக்கழகச் சேவை என்ற தனி அமைப்பாயிற்று. 1960களில் சமூகநீதியே முதன்மைப்பட, வேதமா அரசியலா என்ற பூசல் உள்ளுக்குள் முற்றியது. 1972-இல் பொறுப்புகள் ஆறு வட்டாரங்களுக்குப் பிரித்தளிக்கப்பட்டன.

இந்தியக் கிறிஸ்தவ மாணவர் இயக்கம் 1912-இல் தோன்றியது. யாழ்ப்பாணத் தமிழரான டி. டி. நைல்ஸ் 1953 முதல் 1960 வரை சம்மேளனத்தின் தலைவராக இருந்தார்.