வெள்ளி நகையும் வெள்ளி ரூபாவும்



பொன்னின் பெருமையைப் பேசாதார் நம்மிடையே இல்லை. மணவறை முதல் அடைவுகடை வரை அதற்கே முதலிடம். பொன்னைத் திருமகளின் வடிவமாகக் கருதி, அரைக்குக் கீழே அணியலாகாதென்று முன்னோர் விலக்கினர். அதனால் தண்டையும் பாதசரமும் மெட்டியும் வெள்ளியின் பங்காயின. எனினும், ஏழை மக்களின் வரலாற்றை அறிய விரும்புவோர் பொன்னைவிட வெள்ளியையே உற்றுநோக்குதல் வேண்டும்.

முதலில் அதன் இயல்பைக் காண்போம். நன்கு துலக்கிய வெள்ளி, தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு 90 பங்குக்கு மேல் திருப்பியனுப்பும். மயிரிழைபோல மெல்லிய கம்பியாகவும் அது நீளும். ஆனால் தூய வெள்ளி மிக மென்மையானது. அதனாற் செய்த நகை விரைவில் நெளிந்துவிடும். ஆதலின் சிறிது செம்பு கலப்பர். 1000 பங்கில் 925 பங்கு வெள்ளி என்பது இங்கிலாந்தின் பழைய அளவு. அதனிற் குறைந்ததை விற்கலாகாதென்று 1300ஆம் ஆண்டிலே முதலாம் எட்வேட் மன்னன் சட்டம் இயற்றி, சோதித்த பொருளிற் சிறுத்தைத் தலை முத்திரை பொறிக்கச் செய்தான். வெள்ளி கறுப்பது துருவன்று. காற்றிலுள்ள கந்தகச் சேர்க்கையால் மேலே படியும் படலமே அது. திருநீறு இட்டுத் தேய்த்தால் பழைய ஒளி மீளும்.

நம் கிராமங்களிலே இத்தகைய முத்திரை இருந்ததில்லை. அங்கே தரத்துக்கு உரைகல்லாய் நின்றது எது? வெள்ளி ரூபாவே. 1835ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய ரூபாவின் நிறை 180 கிறெயின். அதாவது சரியாக ஒரு தோலா. அதில் 12 பங்குக்கு 11 பங்கு வெள்ளி. இலங்கையிலும் அந்த ரூபாவே 1869இல் சட்டமுறை நாணயமாக உறுதி பெற்றது. 1872இல் 100 சதமாக வகுக்கப்பட்டது. பொற்கொல்லர் தராசின் ஒரு தட்டிலே ரூபாவை இட்டு, மறுதட்டிலே நகையை நிறுத்தனர். ரூபாவையே உருக்கி நகை செய்வதும் வழக்கமாயிருந்தது.

தென்னிந்தியாவிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு வந்த பெண்கள் கழுத்திலும் கையிலும் காலிலும் வெள்ளி அணிந்து நிற்பதைப் பழைய புகைப்படங்களிற் காண்கிறோம். அதனை ஆடம்பரம் என்று எண்ணுதல் தவறு. வங்கியின் வாயிலை மிதித்தறியாதவர்க்கு அதுவே சேமிப்பு. பஞ்சத்துக்கும் நோய்க்கும் வைத்த காப்பு.

அந்தக் காப்புக்கும் ஓர் இடி விழுந்தது. முன்னர் எவரும் தம் வெள்ளியைப் பம்பாய், கல்கத்தா நாணயசாலைகளிற் கொடுத்து, சிறு கட்டணத்துடன் ரூபாவாக்கிக் கொள்ளலாம். ஆகவே நகையும் காசும் ஏறக்குறைய ஒரே மதிப்புடையனவாயிருந்தன. 1870க்குப் பின்னர் ஜேர்மனி முதலிய நாடுகள் பொன் நாணய முறைக்கு மாறின. அமெரிக்கச் சுரங்கங்களோ வெள்ளியைக் குவித்தன. உலகெங்கும் வெள்ளி விலை சரிந்தது. ரூபாவின் மதிப்பைக் காக்கக் கருதிய இந்திய அரசாங்கம், 1893 ஜூன் 26ஆம் நாள் நாணயசாலைகளைப் பொதுமக்களின் வெள்ளிக்கு மூடிற்று. அதன் பயனாய் ரூபா, தன்னுள் இருந்த வெள்ளியிலும் உயர்ந்த மதிப்பைப் பெற்றது. தண்டை வெறும் உலோக விலைக்கு இறங்கியது. அரசியின் தலை பொறித்த வெள்ளிக்கு ஒரு விலை, ஏழைப் பெண்ணின் காலிற் கிடந்த வெள்ளிக்கு வேறொரு விலை! அவசரத்துக்கு நகையை விற்கப் போனவள் இதன் காரணத்தை எங்ஙனம் அறிவாள்?

1940இல் இந்திய ரூபாவின் வெள்ளி பாதியாகக் குறைக்கப்பட்டது. 1947இல் அது நிக்கல் நாணயமாயிற்று. நகைக்கும் காசுக்கும் இருந்த பழைய உறவு அத்துடன் முடிந்தது.

என் அம்மம்மாவிடம் ஒரு சோடித் தண்டை இருந்தது. ரூபாக்களை உருக்கிச் செய்ததென்பார். நான் பட்டப்படிப்புக்குப் புறப்பட்டபோது, வழிச்செலவுக்காக அதனை விற்றார். கடைக்காரர் அழுக்குக்கென்று சிறிது கழித்து, எஞ்சிய நிறைக்குப் பணம் எண்ணினார். வேலைப்பாட்டுக்கு ஒரு சதமும் இல்லை. அத்தண்டையைச் செய்தவர் பெயரை நானும் கேட்டு வைக்கவில்லை. வரலாறு படிக்கப் போனவன் செய்த முதற் பிழை அது.

நேயர்களே, உங்கள் பெட்டகத்திலே கறுத்த வெள்ளி கிடப்பின், உருக்கக் கொடுக்குமுன் ஒருமுறை துலக்கிப் பாருங்கள். யார் செய்தது, யார் அணிந்தது, எந்த இடரில் அடைவு போய் மீண்டது என்று வீட்டு முதியோரைக் கேட்டு எழுதி வையுங்கள். வெள்ளியின் இன்றைய விலையை எந்தக் கடையிலும் அறியலாம். ஏனையவற்றை அவர்களே கூறவல்லர்.