காஜிகள் சட்டமும் (1880) தலாக் சான்றிதழ் எதிர்ப்பும்: சென்னையை முன்வைத்து

சமய நீதிமன்றங்களை ஒழிக்க வேண்டும் என்னும் தாராளவாதக் கோரிக்கை தமிழகத்தில் ஒரு முரணோடு தொடங்குகிறது. ஒழிப்பதற்குச் சட்டப்படி அமைந்த சமய நீதிமன்றம் எதுவும் இங்கு இல்லை. கம்பெனிக் காலம் முதல் நீதிமன்றங்களில் பணியாற்றிய இந்து, முஸ்லிம் சட்ட அலுவலர் பதவிகளை 1864ஆம் ஆண்டின் 11ஆம் சட்டம் நீக்கியது; காஜிகளை அரசு நியமிப்பதும் அத்துடன் நின்றது. எனினும் அரசு நியமித்த காஜியின் முன்னிலையிலேயே திருமணம் நடைபெற வேண்டும் என்ற வழக்கம் சில பகுதிகளில் நிலவியதால், 1880இல் காஜிகள் சட்டம் இயற்றப்பட்டது. அது முதலில் நடைமுறைக்கு வந்தது சென்னை மாகாணத்தில் மட்டுமே. இன்றைய தாம்பரம், பல்லாவரம் ஆகியவற்றை உள்ளடக்கிய அன்றைய செங்கல்பட்டு மாவட்டமும் அதன் வரம்புக்குள் வந்தது. நியமனத்தால் காஜிக்கு நீதி அதிகாரமோ நிர்வாக அதிகாரமோ உண்டாகாது என்கிறது அதன் 4ஆம் பிரிவு. திருமணத்தில் அவர் இருந்தே ஆக வேண்டியதில்லை என்றும் அதே பிரிவு கூறுகிறது.

அதிகாரம் மறுக்கப்பட்ட பதவியிலிருந்து அதிகாரமுள்ள தாள் ஒன்று பிறந்தது. கணவன் தலாக் கூறியதைச் சரியென உறுதிசெய்து காஜி வழங்கும் சான்றிதழே அது. வழக்கறிஞரும் வக்ஃபு வாரிய முன்னாள் தலைவருமான பதர் சயீத், 2013இல் தொடுத்த பொதுநல வழக்கில் இதனையே எதிர்த்தார். சமூகத்துக்குள்ளிருந்தே எழுந்த எதிர்ப்பு இது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியுள்ளது. அச்சான்றிதழ் வெறும் கருத்தே என்றும், நீதிமன்றங்களில் அதற்குச் சட்டமதிப்பு இல்லை என்றும் 2017 ஜனவரி 11 அன்று சென்னை உயர் நீதிமன்றம் இடைக்கால ஆணையில் கூறியது. மூன்று வாரங்களுக்கு முன்னர், அண்ணா சாலைப் பள்ளிவாசல் ஒன்றில் இயங்கிய ஷரீஅத் அவை குறித்த வழக்கில், வழிபாட்டிடங்களில் நீதிமன்றம் போன்ற அமைப்புகள் இயங்கலாகாது என்றும் அது ஆணையிட்டிருந்தது. அவ்வழக்கைத் தொடுத்தவர் ஓர் ஆண்.

இலங்கை நிலை வேறு. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டப்படி அங்குக் காதி நீதிமன்றங்கள் அரசு அமைப்புகள். காதியாக ஆண்களே அமரலாம். ஆகவே அங்கு ஒழிப்பு என்பது சட்டத்திருத்தம். 2021 மார்ச்சில் அமைச்சரவை அதற்கு இசைந்தது. இங்கோ 2014இல் உச்ச நீதிமன்றமும் ஃபத்வா எவரையும் கட்டுப்படுத்தாது என்றதேயன்றி, தாருல் கழாக்களைத் தடைசெய்ய மறுத்தது.

தடையாணை மட்டும் போதுமா என்பது என் ஐயம். மறுமணத்தை நாடும் பெண்ணுக்கும் விவாகரத்தை மெய்ப்பிக்க எழுத்துச் சான்று வேண்டும். 1939ஆம் ஆண்டின் சட்டம் அவளுக்கு நீதிமன்ற வழியைத் திறந்துள்ளது. ஆயின் அதற்குச் செலவும் காலமும் தேவை. புதுக்கோட்டையில் ஷரீஃபா கானம் தேர்ந்த வழி இவ்விடத்தில் ஒப்புநோக்கத்தக்கது. ஆண்கள் மட்டுமே அமரும் ஜமாஅத்தை ஒழிக்குமாறு அவர் அரசிடம் கேட்டுக் காத்திருக்கவில்லை. பெண்கள் அமர்ந்து பெண்களின் வழக்குகளைக் கேட்கும் தனி ஜமாஅத்தை உருவாக்கினார்.