வாளி பெண்ணுக்கு, வசனம் ஆணுக்கு: சலவை விளம்பரங்களின் அரை நூற்றாண்டு

ஹைதராபாத்திலிருந்து பெங்களூரு போகும் நெடுஞ்சாலையில் இருக்கிறது கொத்தூர். பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் 2014-இல் இங்கே ஓர் ஆலையைத் தொடங்கியது. 2022 மே மாதம், 200 கோடி ரூபாய் முதலீட்டில் உருவான திரவச் சலவைப் பொருள் பிரிவைத் தெலங்கானாவின் அப்போதைய தொழில்துறை அமைச்சர் கே.டி. ராமாராவ் அதே வளாகத்தில் திறந்துவைத்தார். ஆலையை விட்டு லாரியில் ஏறும்போது அந்தத் திரவத்துக்கு ஆண், பெண் என்ற பேதம் எதுவும் இல்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் அது பெண்ணின் பொருளாகிவிடுகிறது.

இப்படி ஆக்கியதில் தொலைக்காட்சி விளம்பரத்தின் பங்கு பெரிது. 1976 ஜனவரி 1-ஆம் தேதி தூர்தர்ஷனில் விளம்பரங்கள் தொடங்கின. அன்றிலிருந்து சலவைப் பொருள் விளம்பரங்கள் மனதைக் கவரும் உத்திகளைப் பலமுறை மாற்றிக்கொண்டுள்ளன. சிக்கனம், வெண்மை, தாய்மை, கடைசியாக ஆணின் குற்றவுணர்வு என்று ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொன்றைத் தொட்டன. ஆனால் துவைப்பது யார் பொறுப்பு என்ற கேள்வியை ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் எழுப்பவே இல்லை. அது பெண்ணின் பொறுப்பு என்று முன்கூட்டியே முடிவுசெய்துகொண்டுதான் பேசத் தொடங்கின.

துறையிலிருந்து வீட்டுக்கு

துணி வெளுப்பது காலங்காலமாக இல்லத்தரசியின் வேலை என்பது வரலாற்றுக்குப் பொருந்தாத நம்பிக்கை. தெலங்கானா கிராமங்களில் அது சாகலி சாதியினர்மேல் சுமத்தப்பட்ட குலத்தொழில். தமிழ்நாட்டு வண்ணாரைப் போலவே கணவனும் மனைவியும் சேர்ந்து வீடு வீடாக அழுக்கெடுத்தார்கள்; உவர்மண்ணில் ஊறவைத்து, வெள்ளாவி வைத்து, துறையில் கல்லில் அடித்து வெளுத்தார்கள். கூலி பெரும்பாலும் தானியமாகவே கிடைத்தது. இந்தச் சாதியில் பிறந்த சாகலி ஐலம்மா, பாலகுர்த்தியில் தன் நிலத்தைக் காக்க விஸ்நூர் நிலக்கிழாரான தேஷ்முக்கை எதிர்த்து நின்று தெலங்கானா ஆயுதப் போராட்டத்தின் அடையாளமானவர். ஹைதராபாத் கோட்டியில் உள்ள மகளிர் பல்கலைக்கழகத்துக்கு 2024-இல் அவர் பெயர் சூட்டப்பட்டது. சலவைத் துறைகளுக்கும் சலவைக் கடைகளுக்கும் மாதம் 250 யூனிட் இலவச மின்சாரம் என்று தெலங்கானா அரசு 2021-இல் அறிவித்தபோது, அதனால் பயன்பெற்றவர்களில் தேய்ப்புப் பெட்டியைப் பிடித்த ஆண்களும் ஏராளம்.

1959-இல் இந்தியச் சந்தைக்கு வந்த சர்ஃப் சலவைப் பொடி, இந்தத் தொழிலின் ஒரு பகுதியை வீட்டுக்குள் கொண்டுவந்தது. சோப்புக் கட்டியைத் தேய்த்துப் பழகியவர்களுக்குப் பொடியை வாளியில் கரைத்துத் துணியை ஊறவைக்கும் முறையைக் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. அந்தப் பாடம் குடும்பத் தலைவிக்கே நடத்தப்பட்டது. சாதியின் பெயரால் ஒரு குடும்பமே சுமந்த உழைப்பு, நடுத்தர வர்க்க வீடுகளில் ஒரு பெண்ணின் கடமையாக மாறியது. துறையும் சாதியும் விளம்பரப் படங்களில் இடம்பெறவே இல்லை.

லலிதாஜியின் கணக்கு

அகமதாபாத்தில் கர்சன்பாய் படேல் 1969-இல் தொடங்கிய நிர்மா, சர்ஃபின் விலையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத விலைக்கு விற்றது. அதன் விளம்பரத்தில் வெள்ளைப் பாவாடை சுழல ஆடும் சிறுமியும் பாடலின் மெட்டும் எண்பதுகளில் நாடெங்கும் பரவின. விலையில் போட்டியிட முடியாத சர்ஃபின் தயாரிப்பாளர் இந்துஸ்தான் லீவர், 1980-களின் நடுவில் லலிதாஜியைக் களமிறக்கியது. லிண்டாஸ் விளம்பர நிறுவனத்தின் அலிக் பதம்ஸி உருவாக்கிய பாத்திரம் அது. பேரம் பேசுவதில் கெட்டிக்காரரான தன் தாயே அதற்கு முன்மாதிரி என்று அவர் சொல்லியிருக்கிறார்.

நடித்தவர் கவிதா சௌத்ரி. நீலக் கரை போட்ட வெள்ளைப் புடவை, நேர்ப்பார்வை, காய்கறிக்காரரிடம் கறாரான பேச்சு. மலிவான சரக்கு வேறு, நல்ல சரக்கு வேறு என்று கேமராவைப் பார்த்து விளக்கினார். குழையவில்லை, கெஞ்சவில்லை. பெண்ணைச் சிந்திக்கும் நுகர்வோராக மதித்த அபூர்வமான படைப்பு அது. லலிதாஜியின் அறிவுக்கு விளம்பரம் தந்த எல்லை மட்டும் கடைத்தெருவோடு முடிந்தது; எதை வாங்குவது என்று அவர் தீர்மானிக்கலாம், யார் துவைப்பது என்பது தீர்மானத்துக்கு வராத விஷயம். அதே கவிதா சௌத்ரி 1989-இல் தூர்தர்ஷனுக்காக எழுதி இயக்கி நடித்த ‘உடான்’ தொடரின் நாயகி காவல்துறை அதிகாரி. பின்னாளில் உத்தராகண்டின் டி.ஜி.பி. ஆன, கவிதாவின் அக்கா காஞ்சன் சௌத்ரி பட்டாச்சார்யாவின் வாழ்க்கையே அதற்குத் தூண்டுதல். ஒரே திரையில், ஒரே முகத்தில், பெண்ணின் இரண்டு எல்லைகளை அன்றைய பார்வையாளர்கள் கண்டார்கள்.

நிபுணரின் குரல்

அடுத்த உத்தி, ஒப்பீடு. அடுத்தவர் உடை தன் உடையைவிட வெண்மையாக இருப்பதைக் கண்டு திகைக்கும் ரின் விளம்பரம் அண்டை வீட்டுப் பொறாமையை விற்பனைக் கருவியாக்கியது. துணியின் வெண்மை அந்த வீட்டுப் பெண்ணின் யோக்கியதைக்குச் சான்றானது. குண்டூரில் தயாரான ட்ரிபிள் எக்ஸ் சோப்பு தெலுங்கு வீடுகளில் ‘சம்ஸ்காரவந்தமான’ சோப்பு என்றே பெயரெடுத்தது. பண்பாடு என்ற பாரத்தைச் சலவைக் கட்டியின் தலையில் ஏற்றிய சொல் அது. 1995 ஆகஸ்ட் 27-இல் ஹைதராபாத்திலிருந்து ஈடிவி ஒளிபரப்பு தொடங்கிய பின், இப்படிப்பட்ட உள்ளூர்த் தயாரிப்புகளுக்கும் தெலுங்குத் திரை தாராளமாகத் திறந்தது.

இந்தக் கட்டத்தில் ஆண் உள்ளே வருகிறார், ஆனால் வேலை செய்ய அல்ல. தமிழ் வாசகர்களுக்கு நடிகர் அப்பாஸின் ஹார்பிக் விளம்பரம் நன்றாக நினைவிருக்கும். அழைப்புமணி ஒலிக்கும், பளிச்சென்ற உடையில் அவர் வருவார், கழிவறையைப் பார்க்கலாமா என்று கேட்பார், இல்லத்தரசி தயங்குவார், சங்கடப்படுவார். பிறகு அப்பாஸே ஊற்றிக் காட்டுவார். கழிவறைக் கறைக்குக் கூச்சப்பட வேண்டியவர் அதைப் பயன்படுத்தும் எல்லோரும் அல்ல, அந்தப் பெண் ஒருவர்தான். கற்றுக்கொடுப்பவர் ஆண், நாளை காலை தேய்க்கப்போவது அவள்.

இது இந்தியாவின் தனிக்குணமும் அல்ல. அமெரிக்கத் தொலைக்காட்சி விளம்பரங்களை ஆராய்ந்து 1975-இல் மெக்ஆர்தர், ரெஸ்கோ ஆகிய ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரையின்படி, ஆண் பாத்திரங்களில் 70 விழுக்காட்டினர் விஷயம் தெரிந்தவர்களாகவும், பெண் பாத்திரங்களில் 86 விழுக்காட்டினர் பொருளைப் பயன்படுத்துபவர்களாகவும் காட்டப்பட்டார்கள்.

கறையைப் பொறுக்கும் தாய்

2005-இல் சர்ஃப் எக்செல் திசையை மாற்றியது. தங்கை சேற்றில் விழுந்து அழுகிறாள்; அண்ணன் அந்தச் சேற்றுக்குட்டையை அடித்து ‘மன்னிப்பு’ வாங்கித் தருகிறான். ‘கறை நல்லது’ என்ற வாசகம் தமிழிலும் நிலைத்தது. பயமுறுத்திய அழுக்கு இப்போது அன்பின் அடையாளம். அழகான கற்பனைதான். ஆனால் குழந்தைக்குக் கிடைத்த அந்தச் சுதந்திரத்துக்கான உழைப்பு முழுவதும் தாயின் புன்னகைக்குள் மறைக்கப்பட்டது. முன்பு அவள் துவைத்தால் போதும். இப்போது முகம் சுளிக்காமல் துவைக்க வேண்டும்.

இதற்கு நேரெதிரான சித்திரத்தைத் தெலுங்கு இலக்கியம் தந்திருந்தது. பி. சத்யவதியின் ‘இல்லலககானே’ சிறுகதையில், வீட்டை மெழுகுவதிலேயே மூழ்கிப்போன இல்லத்தரசி தன் பெயரையே மறந்துவிடுகிறாள். அதைத் தேடி அலைகிறாள். விளம்பரப் பெண்களில் பெரும்பாலோருக்கும் பெயர் கிடையாது. அதைத் தேட வேண்டும் என்ற எண்ணமும் அவர்களுக்குத் தரப்படவில்லை.

ஆணைப் பார்த்த கேமரா

2015-இல் பிபிடிஓ இந்தியா விளம்பர நிறுவனம், பிராக்டர் அண்ட் கேம்பிளின் ஏரியல் சலவைப் பொருளுக்காகச் ‘சுமையைப் பகிர்’ என்ற பிரசாரத்தைத் தொடங்கியது. துவைப்பது பெண்ணின் வேலை மட்டும்தானா என்ற கேள்வி அப்போதுதான் நேரடியாக எழுந்தது. அடுத்த ஆண்டு வந்த படம் உலகெங்கும் பேசப்பட்டது. வேலை முடிந்து வந்த மகள் அலுவலக அழைப்பில் பேசிக்கொண்டே சமைக்கிறாள், குழந்தையைக் கவனிக்கிறாள், துணியை இயந்திரத்தில் போடுகிறாள். மருமகன் தொலைக்காட்சி முன் அமர்ந்து தேநீர் கேட்கிறான். பார்த்துக்கொண்டிருந்த தந்தை, நான் உன் அம்மாவுக்கு உதவியதே இல்லை, அதைப் பார்த்துத்தான் நீ வளர்ந்தாய் என்று மகளுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதுகிறார். ஊர் திரும்பியதும் தன் அழுக்குத் துணியைத் தானே எடுத்துச் செல்கிறார். மனதைத் தொடும் இந்த இரண்டு நிமிடங்களில் பொடியின் வெண்மை பற்றிய வாதமே இல்லை.

பிற நிறுவனங்களும் ஆணைத் திரைக்குக் கொண்டுவந்தன. ஆனால் விசேஷ நிகழ்வாக. 2020-இல் நிர்மா விளம்பரத்தில் போர்முனையிலிருந்து திரும்பிய அரசர் அக்‌ஷய் குமார், வீரர்களோடு ஆடிக்கொண்டே துவைத்தார். 2022 டிசம்பரில் விம், ஆண்களுக்கென்று கறுப்புப் புட்டியில் பாத்திரம் கழுவும் திரவத்தை அறிவித்தது. மிலிந்த் சோமன் நடித்தார். கண்டனம் எழுந்ததும், விளையாட்டாகச் சொன்ன செய்தி அது, உள்ளே இருப்பது அதே திரவம்தான் என்று நிறுவனம் விளக்கியது. பெண் தினமும் செய்வதை ஆண் ஒருநாள் செய்ய, மகுடமோ தனிப் புட்டியோ தேவைப்பட்டது.

அதே 2022 ஜூனில் இந்திய விளம்பரத் தர நிர்ணயக் குழுமம் பாலின வார்ப்புகள் குறித்த நெறிமுறைகளை வெளியிட்டது. பெண் வீட்டைச் சுத்தம் செய்வதைக் காட்டலாம். அது எப்போதும் பெண்ணுக்கே உரியது, வேறு யாரும் செய்யமாட்டார்கள் என்று உணர்த்தக்கூடாது என்பது அதன் சாரம். 2019-இல் ஒளிபரப்பான ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய விளம்பரங்களை ஆராய்ந்த யுனிசெஃப், ஜீனா டேவிஸ் நிறுவன அறிக்கை (2021) இந்த நெறிமுறையின் தேவையை ஏற்கெனவே காட்டியிருந்தது. திரைநேரத்தில் பெண்களுக்கே ஏறக்குறைய 60 விழுக்காடு. அதற்குக் காரணம் துப்புரவு, உணவு, அழகுப் பொருள் விளம்பரங்களில் அவர்கள் நிறைந்திருப்பதே.

சொல்லும் நிமிடமும்

வீட்டுவேலை பெண்ணுடையது என்று நினைக்கும் ஆண்கள் 2014-இல் 79 விழுக்காடு, 2020-இல் 41 விழுக்காடு என்று ஏரியல் தன் பிரசாரத்தையொட்டி வெளியிட்ட கணிப்புகள் சொல்கின்றன. தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் நேரப் பயன்பாட்டு ஆய்வு காட்டுவது வேறு. ஊதியமில்லா வீட்டுவேலையில் ஈடுபட்டவர்களின் ஒருநாள் சராசரி 2019-இல் பெண்களுக்கு 299 நிமிடம், ஆண்களுக்கு 97 நிமிடம். 2024-இல் பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88. இருவருக்குமே சுமார் பத்து நிமிடம் குறைந்தது. இடைவெளி அப்படியே நின்றது. 2019-இல் இந்த வேலையில் கைவைத்த ஆண்களே 26 விழுக்காட்டினர்தான். ஆண்கள் கேள்விக்குச் சொல்லும் பதில் மாறிய அளவுக்கு வாளியருகே செலவிடும் நேரம் மாறவில்லை.

ஆகவே இனி வரும் ஆய்வுகள் திரையில் எத்தனை ஆண்கள் துவைக்கிறார்கள் என்று எண்ணுவதோடு நின்றுவிடக்கூடாது. எந்த வீட்டில், யாருடைய கூலியில் என்றும் கேட்க வேண்டும். கணவனும் மனைவியும் சுமையைப் பகிரும் படங்களில், ஹைதராபாத்தின் அடுக்குமாடி வீடுகளில் காலை முதல் மதியம் வரை நான்கைந்து குடும்பங்களின் துணியையும் பாத்திரத்தையும் கழுவிவைக்கும் பணிப்பெண்ணுக்கு இடமில்லை. சலவைப் பொருளை அதிகம் கையாளும் கை அவருடையது. ஆனால் எந்த நிறுவனமும் அவரை வாங்கச் சொல்லிப் பேசுவதில்லை.