சிறுபான்மை அரசு விட்டுச்சென்ற வரி

1892 ஆகஸ்டில் லிபரல் கட்சித் தலைவர் கிளாட்ஸ்டன் நான்காம் முறை பிரிட்டனின் பிரதமரானபோது அவருக்கு வயது 82. அவர் கட்சிக்குத் தனிப் பெரும்பான்மை இல்லை. ஐரிஷ் தேசியவாதிகளின் தயவில்தான் ஆட்சி. அயர்லாந்துத் தன்னாட்சி மசோதாவைப் பிரபுக்கள் சபை 1893 செப்டம்பரில் 419க்கு 41 என்று தூக்கியெறிந்ததைக் காட்டி, இதைத் தோற்ற அரசு என்பார்கள். அந்தத் தோல்வி பெரியதுதான், மறைப்பதற்கில்லை. ஆனால் அடுத்த ஆண்டைப் பாருங்கள். கடற்படைச் செலவை எதிர்த்துக் கிளாட்ஸ்டன் விலக, ரோஸ்பரி பிரதமரானார். நிதியமைச்சர் ஹார்கோர்ட், இறந்தவரின் சொத்துக்கு, நிலமானாலும் பணமானாலும், நூற்றுக்கு 1 முதல் 8 வரை ஏறும் வரி விதித்தார். பிரதமருக்கே அது பிடிக்கவில்லை. அமைச்சரவை பிளவுபட்டிருந்தது உண்மை. ஆயினும் அந்த வரி அடங்கிய நிதி மசோதாவில் கைவைக்கப் பிரபுக்கள் துணியவில்லை. 1895 ஜூனில், ராணுவ வெடிமருந்து இருப்பு குறித்த வாக்கெடுப்பில் 7 வாக்கு வித்தியாசத்தில் அரசு விழுந்தது. பின்னால் வந்த கன்சர்வேட்டிவ் கட்சி அந்த வரியை ஒழிக்கவில்லை.